பூக்காரியும் பேராசிரியரும்



ஆங்கில இலக்கியம் பயில்வோர் பெர்னார்ட் ஷாவின் பெயரை நன்கு அறிவர். அவர் 1912ஆம் ஆண்டில் எழுதிய ‘பிக்மேலியன்’ என்னும் நாடகத்தை உங்களுட் சிலர் படித்துமிருக்கலாம். அந்நாடகத்தின் முடிவு நூறாண்டுக் காலத்தில் அடைந்த மாறுதல்களை இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். ஏழைப் பெண்ணொருத்தி கல்வியால் உயர்ந்த பின் அவள் யாருக்கு உரியவள்? இக்கேள்விக்கு ஷா ஒரு விடை எழுதினார். மேடையும் திரைப்படமும் வேறொரு விடை எழுதின.

முதலில் பெயரைக் காண்போம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த ஓவிட் என்னும் கவிஞர் பாடிய கதை இது. சைப்ரஸ் தீவினனாகிய பிக்மேலியன் தந்தத்தில் ஒரு பெண்ணுருவைச் செதுக்கினான். தான் செதுக்கிய உருவின்மீது தானே காதல் கொண்டான். வீனஸ் தேவதையின் அருளால் சிலை உயிர் பெற்றது. அவளையே அவன் மணந்தான். ஓவிடின் கதையில் அப்பெண்ணுக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை.

ஷா செய்த புதுமை, அந்தச் சிலையைப் பேச வைத்ததே. லண்டன் மாநகரில் காவென்ட் கார்டன் பகுதியில், மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தினிடையே எலைசா என்னும் பெண் பூ விற்கிறாள். ஹிக்கின்ஸ் என்னும் ஒலியியல் பேராசிரியர் அவள் பேச்சைக் குறித்துக்கொள்கிறார். ஒருவர் பேசக் கேட்டவுடன் அவர் எந்தப் பகுதியில் வளர்ந்தவர் என்று சொல்லிவிடும் ஆற்றல் அவருக்கு உண்டு. இந்திய மொழிகளை ஆராய்ந்து, இந்தியாவிலிருந்து அவரைக் காணவே வந்த கர்னல் பிக்கரிங்கும் அங்கே இருக்கிறார். இந்தப் பூக்காரியைச் சில திங்களில் சீமாட்டியென உலகை நம்பச் செய்ய முடியும் என்கிறார் ஹிக்கின்ஸ். அதுவே பின்னர் இருவருக்கும் இடையே பந்தயமாகிறது.

பேச்சில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பின் இங்கிலாந்தில் ஏழை மக்களின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் பெருகின. எழுத்தும் கணக்கும் அவர்களுக்குக் கிட்டின. ஆயினும் வாய் திறந்த அளவில் அவர்களது பிறப்பு வெளிப்பட்டது. உடையை மாற்றிவிடலாம், நாவில் ஊறிய ஒலியை மாற்றுவது எளிதன்று. அங்கே வகுப்பு வேற்றுமை நாவின் நுனியில் குடியிருந்தது.

ஆசிரியப் பணியில் என் வாழ்நாளைக் கழித்தவன் நான். ஆதலின் இந்நாடகத்தில் என் நெஞ்சைத் தொடும் இடம் சீமாட்டியின் வெற்றி அன்று. மறுநாள் எலைசா தானாகவே பேராசிரியர் வீட்டுக்கு வருகிறாள். தெருவில் விற்பதை விட்டுப் பூக்கடையில் வேலைக்கமர வேண்டும். அதற்குத் தக்க பேச்சு வேண்டும் என்கிறாள். கட்டணமாக ஒரு ஷில்லிங் தருவதாகச் சொல்கிறாள். அற்பத் தொகைதான். ஆனால் ஹிக்கின்ஸ் கணக்குப் போடுகிறார். அவளுடைய ஒரு நாள் வருவாய் இரண்டரை ஷில்லிங்; அதில் ஐந்தில் இரண்டு பங்கைத் தருகிறாள். ஒரு கோடீசுவரன் இதே அளவில் கொடுப்பதானால் ஏறத்தாழ 60 பவுன் கொடுக்க வேண்டும்! ஆகவே எலைசா யாரோ செதுக்கக் காத்திருந்த தந்தம் அல்லள். கல்வியைத் தேடி வந்த மாணவி அவள்.

பயிற்சி முடிந்த பின் இந்தப் பெண்ணின் கதி என்ன என்று வீட்டு மேற்பார்வை செய்யும் பியர்ஸ் அம்மையார் முதலிலேயே கேட்கிறார். கற்றறிந்த ஆடவர் இருவருக்கும் அக்கேள்வி தோன்றவில்லை. பந்தயம் வெற்றியாகிறது. அன்றிரவு இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்கிறார்கள். அவளை யாரும் பாராட்டவில்லை. சினம் கொண்ட எலைசா பேராசிரியரின் செருப்புகளை எடுத்து அவர்மீதே வீசுகிறாள். முன்பு பூ விற்றாவது பிழைத்தாள். சீமாட்டியாகிய பின் தெருவில் விற்க வழியில்லை. வேறு தொழிலும் கற்பிக்கப்படவில்லை. தன்னையே ஒரு கணவனுக்கு விற்பதன்றி வேறென்ன செய்வது என்பதே அவள் கேள்வி.

அவள் தந்தை டூலிட்டிலின் கதையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவன் குப்பை அள்ளும் தொழிலாளி. அமெரிக்கச் செல்வர் ஒருவரின் உயிலால் அவனுக்கு ஆண்டுக்கு 3,000 பவுன் வருகிறது. அவன் ஓர் ஒலியையும் மாற்றிக்கொள்ளவில்லை, ஆயினும் கனவானாகிவிட்டான். முன்பு இல்லாத உறவினர்களெல்லாம் இப்போது முளைத்துவிட்டார்கள் என்று அவன் புலம்புகிறான். தந்தைக்குப் பணம் ஒன்றே போதுமாயிற்று. மகளோ இரவு பகலாய்ப் பயின்றும் பிழைக்க வழியின்றி நின்றாள். வகுப்பு வேற்றுமைக்குள் ஆண் பெண் வேற்றுமை மறைந்திருப்பதை ஷா இவ்வாறு காட்டினார்.

இறுதியில் எலைசா தன்னுரிமையை உணர்கிறாள். தானே ஒலியியல் கற்பித்துப் பிழைப்பேன் என்று அறைகூவிப் பிரிகிறாள். ஹிக்கின்ஸ் தனியே நிற்கத் திரை விழுகிறது.

1913இல் வியன்னாவில் ஜெர்மன் மொழியில் முதலில் நடிக்கப்பட்ட இந்நாடகம், 1914 ஏப்ரல் 11ஆம் நாள் லண்டனில் அரங்கேறியது. அக்காலத்தில் பிரிட்டிஷ் பெண்களுக்குப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. 1918இல் முப்பது வயது நிறைந்த பெண்களுட் சிலருக்கு அது கிடைத்தது. ஆடவர்க்கு நிகரான வாக்குரிமை 1928இல்தான் வந்தது. அத்தகைய காலத்தில், கதாநாயகி தனித்து வெளியேறுவதை அரங்கத்தாரால் ஏற்க முடியவில்லை. ஹிக்கின்ஸாக நடித்த ட்ரீ என்பவர் முடிவில் எலைசாவுக்கு மலர்களை வீசித் தம் காதலைக் காட்டினார். ஷா சினந்தார். 1916இல் நூலாக வெளியிட்டபோது, எலைசா ஃபிரெடி என்னும் இளைஞனை மணந்து பூக்கடை வைத்தாள் என்று ஒரு பின்னுரையே எழுதிச் சேர்த்தார்.

பயன் என்ன? 1938இல் வந்த திரைப்படத்தில் எலைசா ஹிக்கின்ஸிடமே திரும்பி வருகிறாள். அவர் தம் செருப்புகள் எங்கே என்று கேட்கப் படம் முடிகிறது. அப்படத்தின் திரைக்கதைக்காக ஷா ஆஸ்கார் பரிசும் பெற்றார்! 1956இல் நியூயார்க்கில் தொடங்கி 2,717 முறை நடிக்கப்பட்ட ‘மை ஃபேர் லேடி’ என்னும் இசை நாடகமும், 1964இல் வெளிவந்து எட்டு ஆஸ்கார் பரிசுகள் வென்ற அதன் திரைப்படமும் இம்முடிவையே பின்பற்றின. எந்தச் செருப்பை அவள் வீசி எறிந்தாளோ அதையே மீண்டும் அவளிடம் கேட்டனர். பேச்சைப் பற்றிய அந்தத் திரைப்படத்தில், கதாநாயகியாக நடித்த ஆட்ரி ஹெப்பர்னின் பாடல்களுட் பெரும்பாலானவற்றை மார்னி நிக்ஸன் என்பவரே பாடினார் என்பதும் நினைக்கத்தக்கது. 2018இல் நியூயார்க்கில் புதிதாக அரங்கேறிய அதே இசை நாடகத்தில் எலைசா ஹிக்கின்ஸை விட்டு வெளியேறினாள். சொற்கள் பழையவை, நடிப்பு மட்டுமே மாறியது.

மாணவ மாணவியரே! பேராசிரியர் தனக்குப் பேச்சைக் கற்பித்தார் என்பதை எலைசா மறுக்கவில்லை. ஆனால் பிக்கரிங் முதல் நாளில் தன்னை ‘மிஸ் டூலிட்டில்’ என்று மதித்து அழைத்தபோதே தன் உண்மைக் கல்வி தொடங்கியது என்கிறாள். கற்பிப்போர் மறக்கலாகாத சொல் இது. கற்போரும் ஒன்றை நினைவில் வையுங்கள். ஆசிரியருக்கு நன்றி பாராட்டுவது கடமை. அவருக்கு அடிமையாவது கடமை அன்று. தன்னை விட்டுத் தனித்து நடக்கும் மாணவரைக் கண்டு மகிழ்பவரே நல்லாசிரியர்.