வேடம் தந்த கல்வி

முன்னர் வாழ்ந்த பெரியவர் ஒருவரின் வேடம் பூண்டு ஒரு நடிகர் மேடைக்கு வரும்போது, நாம் முதலில் பார்ப்பது முகச்சாயலைத்தான். மீசை பொருந்துகிறதா, உடை பொருந்துகிறதா என்று கவனிக்கிறோம். ஆனால் அந்த நடிகர் ஒப்பனை அறைக்குப் போகுமுன் நூலகத்துக்குப் போயிருக்க வேண்டும். வேடம் அவருக்கு நடிப்பைக் கற்பிக்கிறது. கூடவே சரித்திரத்தையும் கற்பிக்கிறது. இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு அமெரிக்க நடிகர் ஹல் ஹோல்புரூக். எழுத்தாளர் மார்க் ட்வைனை அவர் 1954 முதல் 2017 வரை தனியொருவராக மேடையில் நடித்தார்.

ஹோல்புரூக் 1925இல் கிளீவ்லாந்து நகரிற் பிறந்தவர். சிறு குழந்தையாயிருந்தபோதே பெற்றோர் விட்டுச் சென்றதனால் பாட்டனாரிடம் வளர்ந்தார். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இராணுவத்திற் பணிபுரிந்தபின் டெனிசன் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றார். அங்கே மனைவி ரூபியுடன் சேர்ந்து, ஷேக்ஸ்பியரின் பாத்திரங்கள் முதல் மார்க் ட்வைன் வரை பலரையும் இருவராகவே நடித்துக்காட்டும் நிகழ்ச்சியொன்றை அமைத்தார். பின்னர் அதை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களின் பாடசாலைகளுக்குச் சென்றனர். 30 வாரங்களில் 307 காட்சிகள். காரிற் கடந்த தூரம் 30,000 மைல். பாடசாலை மாணவர் விரும்பிக் கட்டணம் செலுத்தி வந்த சபையோர் அல்லர். அவர்களை இருந்த இடத்தில் இருத்தி வைப்பதே நடிகனுக்குப் பெரும் பரீட்சை. அந்தப் பரீட்சையைத் தம்பதியர் 307 தடவை எழுதினர் எனலாம்.

1954இல் பென்சில்வேனியாவின் ஓர் ஆசிரியர் கல்லூரியில் ஹோல்புரூக் முதன்முறையாகத் தனித்து ட்வைனாகத் தோன்றினார். அவருக்கு வயது 29. பாத்திரத்துக்கு வயது 70. அந்த முதுமையை முகத்தில் எழுத மூன்று மணித்தியாலத்துக்கு மேலாகும். குரலோ இன்னும் கடினமானது. ட்வைனின் குரற்பதிவு எதுவும் எஞ்சவில்லை. 1909இல் எடுக்கப்பட்ட சிறியதொரு படச்சுருள் உண்டு, அதுவும் ஊமைப்படம். அவரது அயலவராயிருந்த நடிகர் வில்லியம் ஜில்லெற், 1934இல் அவரைப்போலப் பேசிக்காட்டிய ஒலிப்பதிவு மாத்திரம் உண்டு. ஆகவே காதாற் கேட்டுப் பழக வழியில்லாத ஒரு குரலை, எழுத்திலிருந்தே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

ட்வைன் தாமே கைதேர்ந்த மேடைப் பேச்சாளர். இழுத்து இழுத்து, அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோலப் பேசுவார்; உண்மையில் யாவும் மனனஞ் செய்யப்பட்டவை. கதை சொல்பவனுக்கு முக்கியமானது இடைநிறுத்தமே என்று 1895இல் எழுதியவரும் அவரே. அந்த நிறுத்தம் சற்றே குறுகினாலும் நீண்டாலும் சிரிப்பு வராது. ட்வைனைப் படித்த நடிகருக்கு நடிப்பின் இலக்கணமே அதிற் கிடைத்தது.

சரித்திரம் இங்கேதான் நுழைகிறது. மேடையில் நின்று சிரிக்கவைக்கும் அந்த முதியவர் யார்? 1894இல் பதிப்பகம் முறிந்து கடனாளியானவர். அந்தக் கடனைத் தீர்க்க, 1895 ஜூலையில் கிளீவ்லாந்தில் தொடங்கி உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றியவர். நேயர்கள் பலரும் அறியாத செய்தி, அந்தப் பயணத்தில் 1896 ஜனவரியில் அவர் நமது கொழும்புக்கும் வந்தார் என்பதாகும். வீதியிற் கண்ட உடைகளின் வண்ணங்களை அவர் வியந்து எழுதினார். மிஷன் பாடசாலைப் பிள்ளைகள் ஐரோப்பிய உடையில் வரிசையாக வரக் கண்டு வருந்தி, தாம் அணிந்திருந்த உடைக்காகவும் நாணினார். அதே ஆண்டு ஓகஸ்டில், அவர் இங்கிலாந்தில் இருந்த வேளையில், 24 வயது மூத்த மகள் சூசி அமெரிக்காவில் இறந்தாள். 1904இல் மனைவியும் மறைந்தார். எழுபது வயது ட்வைனின் நகைச்சுவைக்குப் பின்னால் இத்தனை இழப்புகள் நிற்கின்றன. இவற்றை அறியாத நடிகர் ஒரு விகடகவியை மாத்திரமே காட்டமுடியும்.

ட்வைன் பிறந்த மிசூரி, அடிமை முறை நிலவிய மாநிலம். தப்பியோடிய அடிமையைக் காட்டிக் கொடுப்பதா விடுவதா என்று ஹக்கிள்பெரி ஃபின் என்ற சிறுவன் தன் மனத்தோடு போராடும் பகுதியை ஹோல்புரூக் மேடையில் நடித்தார். 1967இல் இந்நிகழ்ச்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தால் அமெரிக்கா கொந்தளித்துக்கொண்டிருந்தது. அநீதியைக் கண்டும் வாய் திறவாதிருப்பதும் ஒரு பொய்யே என்று 1899இல் ட்வைன் எழுதியிருந்தார். அத்தகைய எழுத்துகள் அன்றைய சபையோருக்குப் பழங்கதையாகப் பட்டிருக்க நியாயமில்லை. ஹோல்புரூக் ஒரே நிகழ்ச்சியை நாளும் ஒப்புவித்தவரல்லர். பெருந்தொகையான பகுதிகளை மனத்தில் வைத்திருந்து, காலத்தை நோக்கித் தெரிந்தெடுத்தார். எதைத் தெரிவது என்பதும் சரித்திர ஆசிரியனின் வேலையல்லவா?

ஆயினும் மேடைக்கும் சரித்திரத்துக்கும் இடையில் ஒரு வேலியுண்டு. ஹோல்புரூக் அணிந்தது வெள்ளை உடை. ட்வைன் சொற்பொழிவு மேடைகளில் அணிந்ததோ கறுப்பு மாலை உடை. வெள்ளை உடையில் அவர் பொதுவிடத்திற் தோன்றிப் பரபரப்பூட்டியது 1906 டிசம்பரிலேதான்; நாடகத்தில் வரும் ட்வைனுக்கு நடப்பது 1905. மக்கள் மனத்திற் பதிந்த உருவத்துக்கு மேடை இடங்கொடுத்தது. அது குற்றமன்று. ஆனால் பார்வையாளர் அதையே சான்றாகக் கொள்ளலாகாது. நடிகர் நமக்கு மனிதரைத் தருகிறார்; ஆண்டையும் ஆவணத்தையும் நாமே தேடவேண்டும்.

1959இல் நியூயோர்க்கின் சிறிய அரங்கொன்றிற் பெயர் பெற்று, 1966இல் ரோனி விருதும் பெற்ற ஹோல்புரூக், 2021 ஜனவரியில் 95ஆவது வயதிற் காலமானார். ட்வைன் வாழ்ந்தது 74 ஆண்டுகளே. வேடம் தரித்தவர் வேடத்துக்குரியவரைவிட மூத்தவரானார். முதுமையை எழுத அவருக்கு மை அதிகம் தேவைப்படாத காலமும் வந்தது.

நமது பாடசாலை மேடைகளிலும் சங்கிலியனும் பண்டாரவன்னியனும் பாரதியும் ஆண்டுதோறும் தோன்றுகிறார்கள். பெரும்பாலும் பிள்ளை கையிற் கிடைப்பது வசனத்தாள் ஒன்றே. அந்த மனிதர் எந்த ஆண்டில், யாரோடு, எதற்காகப் போராடினார் என்ற கேள்வியையும் ஆசிரியர் சேர்த்துக் கொடுத்தால், அந்தப் பிள்ளை கிரீடத்தைக் கழற்றிய பின்னும் சரித்திரம் அதனிடத்தில் மிஞ்சும்.