கோட்டையா, கிடங்கா?

லூமுட்டில் படகேறிப் பங்கோர்த் தீவில் இறங்கியதும் கோத்தா பெலாண்டாவுக்கு வழி கேட்டேன். டச்சுக் கோட்டை என்று பொருள். போய்ப் பார்த்தால், வீடுகளுக்கு நடுவே கூரையில்லாத செங்கல் சுவர்கள். கொத்தளம் இல்லை, அகழி இல்லை. இதற்கா இத்தனை பெரிய பேர் என்றிருந்தது.

ஊர்ப்பெயரைக் கவனித்த பிறகுதான் விளங்கியது: தெலுக் கெடுங். தெலுக் இந்தானில் இருக்கும் அதே தெலுக்தான். குடா என்று பொருள். கெடுங் என்றால் சரக்கு வைக்கும் பெரிய கட்டடம். 1670இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இதைக் கட்டியது பேராக்கின் ஈயத்தைச் சேர்த்துவைக்கத்தான். ஈயம் இருந்ததால் காவல், காவலுக்காகச் சுவர். 1690இல் மலாய்க்காரர்கள் தாக்கி அழித்தார்கள். 1743இல் டச்சுக்காரர்கள் மறுபடி எழுப்பி அறுபது வீரர்களை நிறுத்தினார்கள்; ஐந்தே ஆண்டில் அதையும் கைவிட்டார்கள். பக்கத்துப் பாறையில் 1743 என்ற ஆண்டோடு கம்பெனியின் முத்திரை எழுத்துகள்: வி.ஓ.சி. கப்பலோட்டிய தமிழனை நினைக்காமல் எந்தத் தமிழனும் அதைப் படிக்க முடியாது.

கெடுங், குடாங், ஆங்கிலேயரின் குடோன் எல்லாம் ஒரே குடும்பம். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இது கீழைத் தீவுகள் வழியாக இந்தியாவுக்கு வந்த சொல் என்றாலும் மூலம் தென்னிந்தியாவே என்று கருதியது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. சங்க நூல்களிலேயே கிடங்கு உண்டு. அங்கே அதற்கு அகழி என்று பொருள். சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் ஊர்ப்பெயரே ‘கிடங்கில்’தான், திண்டிவனத்துப் பக்கம். 'கிட' என்பதுதான் வேர். முதலில் பள்ளத்தில் தண்ணீர் கிடந்தது, பிறகு கூரைக்கடியில் மூட்டை கிடந்தது. ஆனால் முழுதும் நமதே என்று மார்தட்டவும் தயக்கம்தான். மலாய்ச் சொல் தமிழ்க் ககரத்தின் வல்லோசையில் அல்ல, g ஒலியில் தொடங்குகிறது. தெலுங்கின் கிட்டங்கியும் அப்படியே. ஏற்றிவந்தவர் தெலுங்கு வணிகராகவும் இருக்கலாம்.

அந்தக் கிட்டங்கியைத்தான் செட்டியார்கள் மலாயாவில் தங்கள் வட்டிக்கடைகள் கூடிய இடத்துக்குப் பெயராக வைத்திருந்தார்கள். நீளமான கூடம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு மேசைப்பெட்டி, ஓர் இரும்புப்பெட்டி. அந்த இடத்துக்குப் பெட்டியடி என்று பெயர். ரப்பர்த் தோட்டம் வாங்கக் கடன் கேட்டு வந்தவர் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்தார். பகலில் அங்கே வட்டிக்கணக்கு, இரவில் அதே தரையில் பாய். மூட்டை எதுவும் கிடக்கவில்லை. ஊரில் பெண்டு பிள்ளைகளை விட்டுவந்த ஆண்கள்தாம் கிடந்தார்கள்.

ஈப்போ திரும்பியதும் லாரிக்காரர் ஒருவரிடம், "சாமானைக் கிடங்குல இறக்கிடுங்கண்ணே" என்றேன். ஒரு கணம் விழித்தார்.

"ஓ, குடோனா!" என்றார்.