தொங்கும் மரமும் கமலை உருளையும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. தோப்புகளில் விழுந்த தென்னைகளை எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் விழாமல் பக்கத்து மரத்தில் சிக்கி நிற்கும் மரமே பொல்லாதது. ஏன் என்று பாருங்கள்.

1,000 கிலோகிராம் நிறையுள்ள மரத்தின் புவியீர்ப்பு மையம் 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதன் நிலையாற்றல் 29,400 ஜூல். மீனாட்சி கோயில் தெற்குக் கோபுர உச்சியிலிருந்து 60 கிலோகிராம் மூட்டை விழுவதற்கு ஏறத்தாழ இது சமம்! தாங்கும் மரமும் வில்லைப்போல் வளைந்து ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும். அதை வெட்டினால் இரண்டும் வெட்டியவர் மேலேயே வரக்கூடும்.

2005 ஜனவரியில் குட்ரூன் புயல் சுவீடனில் ஏறத்தாழ 7½ கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. புயல் ஓய்ந்தபின், அவற்றை அகற்றும் வேலையிலும் பலர் இறந்தனர். 1926இல் ஜெர்மனியின் ஆந்திரியாஸ் ஸ்டீல் மின்சாரச் சங்கிலி வாளை உருவாக்கினார், வேலை விரைவாயிற்று. ஆனால் வாள் பிடிப்பவர் மரத்தடியில்தானே நிற்க வேண்டும்?

விலகி நிற்க உதவுவது கயிறு. பரவைப் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கமலை நினைவிருக்கும். சால் கிணற்றில் செங்குத்தாக ஏறும். மாடுகளோ சரிவில் இறங்கும். மேலிருந்த உருளை விசையின் திசையை மாற்றியது. அதே தத்துவந்தான் இங்கும். வேரற்ற அடிமரத்தில் வடத்தைக் கட்டி, பின்னால் உள்ள உறுதியான வேறொரு மரத்தடியில் பொருத்திய கப்பியின் வழியாக, சாய்ந்த திசைக்கு எதிராக இழுப்பார்கள். அடி பின்னால் நகர, நுனி கிளையிலிருந்து வழுக்கி இறங்கும். இழுப்பவர்கள் பக்கவாட்டில், மரத்தின் நீளத்தைப்போல் இரு மடங்கு தள்ளி நிற்கலாம். இயங்கு கப்பி ஒன்றைச் சேர்த்தால் ஏறக்குறைய பாதி விசை போதும். கயிறு மட்டும் இரு மடங்கு இழுபடும். வடம் அறுந்தால் சாட்டையாய் வீசும். ஆகவே அதன் நேர்கோட்டிலும், கப்பியில் அது மடங்கும் கோணத்தின் உட்புறத்திலும் யாரும் நிற்கலாகாது.

வேர் இன்னும் மண்ணைப் பிடித்திருந்தால் இம்முறை உதவாது. கிரேன் வரும்வரை, மின்கம்பி பட்டிருந்தால் மின்வாரியத்தார் வரும்வரை, அவ்விடத்தைச் சுற்றி அடைத்துவிடுங்கள்.