கதைத்தலும் பேசுதலும்

"வகுப்பில கதைச்சா ரீச்சர் பேசுவா." கொழும்பின் வெள்ளவத்தையில் பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளைக்கும் விளங்கும் இந்த வாக்கியத்தை மதுரைக்காரர் ஒருவர் கேட்டால், வகுப்பில் கதை சொன்னால் ஆசிரியை ஏதோ உரையாற்றுவார் என்றுதான் எடுத்துக்கொள்வார். சொன்னவர் கருதியதோ வேறு: வகுப்பில் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆசிரியை திட்டுவார். இதில் வரும் இரண்டு வினைகளும் தமிழகத்தாருக்குத் தெரிந்தவையே. பொருள்தான் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. 'கதைத்தல்' ஓர் ஈழத்து விநோதம் என்று கருதுவோர் உண்டு. 2000இல் 'தெனாலி' திரைப்படம் வெளியானபின் அதைக் கேட்டுச் சிரிக்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஆனால் இது பேச்சுத் தமிழ் தன் தேவைக்குச் செய்துகொண்ட ஒழுங்கான பாகுபாடு. கதைத்தலை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது புலப்படாது; பேசுதலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் எழும் மறுப்பு, 'கதை என்றால் புனைந்து சொல்வது, அதை உரையாடலுக்கு ஆள்வது பிழை' என்பது. சொல்லின் வரலாறு இதற்கு இடம் தரவில்லை. வடமொழியின் 'கதா' தமிழுக்கு வரும்போது, 'சபா' சபையாகவும் 'பூஜா' பூசையாகவும் ஆனதுபோல, ஆகார ஈறு ஐகாரமாகிக் 'கதை' ஆயிற்று. நன்னூல் இலக்கணம் வகுத்த மாற்றம்தான் இது. அந்த மூலச்சொல்லுக்கே கதை என்ற பொருளோடு உரையாடல், பேச்சு என்ற பொருளும் உண்டு. 'சொல்லுதல்' என்ற பொருளில் இந்தியில் வழங்கும் 'கஹ்னா'வும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆக, புனைவு என்ற ஒரு பொருளை மட்டும் தமிழகம் முன்னிறுத்தியது. உரையாடல் என்ற மற்றப் பொருளை ஈழம் வினையாக்கிக்கொண்டது. அன்றாடப் பேச்சைக் குறிக்கும் வினை எந்தக் காலத்திலும் ஒன்றாகவே இருந்ததும் இல்லை. தொல்காப்பியம் ஆளும் கிளத்தலும் மொழிதலும் இன்று யார் நாவிலும் இல்லை. மலையாளத்தில் உயிரோடிருக்கும் 'பறைதல்' யாழ்ப்பாணத்து முதியவர்களின் பேச்சில் அண்மைக்காலம் வரை கேட்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. சிங்களத்தில் உரையாடுவதற்கு 'கதா கரனவா' என்பார்கள். அப்படியானால் கதைத்தல் அயல்மொழியின் பாதிப்புத்தானே? வேர் ஒன்று, தீவும் ஒன்று என்பதால் இந்த ஐயம் இயல்பானது. ஆனால் வடிவத்தைப் பாருங்கள். வேற்றுமொழி வினையைத் தமிழ் கடன் வாங்கும்போது அதைப் பெயராக நிறுத்தி, பக்கத்தில் 'பண்ணு' அல்லது 'செய்' என்பதைத் துணைக்கு வைக்கும்: போன் பண்ணு, டைப் செய். சிங்களத் தொடர் அப்படியே பெயர்ந்திருந்தால் 'கதை பண்ணு' என்று வந்திருக்க வேண்டும். வழக்கில் இருப்பதோ கதைக்கிறேன், கதைத்தேன், கதைப்பேன். வடமொழிப் பெயர்கள் வினையாகும்போது பெரும்பாலும் ஏற்கும் இகர ஈறுகூட இங்கே இல்லை. பூசை பூசித்தலாவதுபோல் கதை மாறவில்லை. புகையிலிருந்து புகைத்தலும் நுரையிலிருந்து நுரைத்தலும் வருவதுபோல, தமிழாகிவிட்ட ஒரு பெயர் தமிழ் முறைப்படியே வினையாகியிருக்கிறது. சிங்களத்தின் அயல்வாசம் அந்த வழக்குக்கு ஊக்கம் கொடுத்திருக்கலாம். பிறப்பித்தது என்று சொல்ல வடிவம் இடம் தரவில்லை.

இனிப் பேசுதல் எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டும். கொழும்புத் தமிழில் அது ஒழிந்துவிடவில்லை. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் தோன்றியது. அதன் மண்டபத்தில் மேடையேறியவர் பேசுவார். கூட்டம் முடிந்து வாசலில் நிற்பவர்கள் கதைப்பார்கள். அங்கே பேச்சுப்போட்டி நடக்கும். கதைப்போட்டி என்று அறிவித்தால் சிறுகதை எழுதிக்கொண்டு வருவார்கள். அம்மா பேசினா என்றால் ஏச்சு விழுந்தது என்று பொருள். இவற்றை வைத்து, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டிருப்பது பேச்சு, இருவரும் மாறிமாறிச் சொல்வது கதை என்று வகுத்துவிடத் தோன்றும். ஆனால் கலியாணம் பேசுகிறார்கள், விலை பேசுகிறார்கள், அரசியலில் பேச்சுவார்த்தை நடக்கிறது; இவை எல்லாவற்றிலும் இரு தரப்பும் வாய் திறக்கின்றன. எனவே பிரிவினை ஆட்களின் எண்ணிக்கையில் இல்லை, சொல்லின் பாரத்தில் இருக்கிறது. சொன்னதற்கு விளைவு உண்டு, சொன்னவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்றால் அது பேச்சு. சீதனம், விலை, கண்டிப்பு, மேடை எல்லாம் இதில் அடங்கும். கணக்கு வைக்காமல் போய்வரும் சொற்கள் கதை. முறிந்த உறவைச் சொல்ல 'அவையோட கதைக்கிறேல்லை' என்பதும் இதனால்தான்: அற்றுப்போனது வாக்குவாதம் அல்ல, அந்தக் கணக்கில்லாப் புழக்கம்.

இந்தப் பாகுபாடு கொழும்புக்கே முழுதாகப் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தாது. கொட்டாஞ்சேனையில் மலையகத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வேர்கொண்ட குடும்பங்கள் பல. அங்கே 'பேசிக்கிட்டிருந்தோம்' என்பது சாதாரண உரையாடல். வெள்ளவத்தைக்காரர் அதைத் தவறாக எடுப்பதில்லை, ஏனெனில் 'ஆரோட பேசினது' என்பதற்கும் 'ஆருக்குப் பேசினது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உருபே காட்டிவிடுகிறது. 1930இல் தொடங்கிய வீரகேசரி போன்ற நாளேடுகளின் எழுத்து நடையும் பேசுதல், உரையாடுதல் பக்கமே நிற்கிறது. ஆகவே ஒரே ஆள் தாளில் பேசுதலையும் தொலைபேசியில் 'பின்னேரம் கோல் எடுங்கோ, கதைப்பம்' என்பதையும் இடறாமல் ஆள்கிறார்.

அகராதிக்காரரும் வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளி ஆசிரியரும் கதைத்தலுக்கு 'இலங்கை வழக்கு' என்று குறிப்பு எழுதுவதோடு நிறுத்திக்கொள்வது போதாது. புதிதாகக் கேட்கும் சொல்லை யாரும் நின்று விசாரித்துக்கொள்வார்கள். தெரிந்த சொல் வேறு பொருளில் வந்தால் விசாரிக்கத் தோன்றாது. 'அப்பா பேசினார்' என்ற வரியைத் தமிழக வாசகர் எந்த ஐயமும் இல்லாமல் தவறாகப் படித்துவிட்டுப் போய்விடுவார். குறிப்பு அதிகம் தேவைப்படுவது பேசுதலுக்குத்தான்.