பங்காளிப் பகையைத் துறந்த பட்டாளம்



ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறார்கள். தொழுகை முடிந்ததும் ஒருவர் முன்வாசல் வழியாகவும் மற்றவர் ஹவ்ளுப் பக்கமாகவும் வெளியேறுகிறார்கள். ஒரு சுற்றுச்சுவருக்காகவோ வாரிசுப் பங்குக்காகவோ அவர்களிடையே பேச்சு நின்று பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஒரு முஸ்லிம் தம் சகோதரரை மூன்று நாள்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகுமானதன்று என்ற நபிமொழியை இருவருமே அறிவர். சிறுவயதில் மக்தபில் ஓதியதுதான். அறிந்திருந்தும் ஏன் இயலவில்லை?

இக்கேள்வி எழும்போதெல்லாம், இந்தியா பிளவுபடாதிருந்த காலத்தில் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் வாழ்ந்த பஷ்தூன் முஸ்லிம்களின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது.

தந்தையின் உடன்பிறந்தார் மகனைப் பஷ்தூ மொழியில் 'தர்பூர்' என்பர். அச்சொல்லிலிருந்து பிறந்த 'தர்பூர்வலி' என்பதற்குப் பங்காளிகளிடையே மூளும் போட்டி, பகை என்று பொருள். நம் தமிழில் 'பங்காளி' என்ற சொல்லுக்குள்ளும் இதே நிழல் படிந்திருக்கிறது அன்றோ! நிலம், நீர், குடும்ப மானம் ஆகியவற்றுக்காக அங்கே மூண்ட பகை, 'பதல்' எனப்படும் பழிக்குப்பழி மரபால் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. பாட்டனார் சிந்திய இரத்தத்துக்குப் பேரன் கணக்குத் தீர்த்தான். ஆங்கிலேயரின் ஆட்சியும் அந்த மண்ணில் நீதியை வளர்க்கவில்லை. ஒருவர் செய்த குற்றத்துக்காக அவருடைய குலத்தாரையே தண்டிக்க வழிசெய்தது, 1901ஆம் ஆண்டின் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம்.

அம்மக்களிடையே, சார்சத்தாவை அடுத்த உத்மான்சாய் என்னும் ஊரில், 1890ஆம் ஆண்டு பிறந்தவர் கான் அப்துல் கஃபார் கான். அவருடைய தந்தை பெஹ்ராம் கான், தம் பகைவர்களை மன்னித்துப் பழிவாங்கும் வழக்கத்தையே கைவிட்டவர். அத்தகைய வீட்டில் வளர்ந்த மைந்தர், 1910இல் தம் ஊரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1921இல் சீர்திருத்தச் சங்கம் ஒன்றை நிறுவினார். 1928இல் 'பக்தூன்' என்ற இதழை வெளியிட்டார். ஊர் ஊராக நடந்து சென்று கல்வியையும் ஒற்றுமையையும் எடுத்துரைத்தார். இவற்றின் கனியாக 1929இல் 'குதாயி கித்மத்கார்' என்னும் இயக்கம் உருவாயிற்று. இறைவனின் ஊழியர்கள் என்பது அதன் பொருள். வெள்ளை உடை எளிதில் அழுக்கேறியதால் செங்கல் நிறச் சாயம் தோய்த்து உடுத்தினர். ஆகவே 'செஞ்சட்டையினர்' என்று பெயர் பெற்றனர்.

இவ்வியக்கம் அறிவுரையோடு நின்றுவிடவில்லை. சேர வந்த ஒவ்வொருவரும் அல்லாஹ்வின் பெயரால் உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. வன்முறையில் இறங்குவதில்லை, பழிவாங்குவதில்லை, அநீதி இழைத்தவரையும் மன்னிப்பது, குடும்பப் பகையிலும் சச்சரவிலும் பங்குகொள்வதில்லை, நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது மக்கள் பணி செய்வது ஆகியவை அதில் அடங்கும். முதலில் எதிரியை மன்னித்த பிறகே ஒருவர் இயக்கத்தின் சட்டையை அணிய முடிந்தது என்றால், அதன் கனத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதன் பின்னர் பயிற்சி முகாம்கள் நடந்தன. இராணுவத்தைப் போலவே அணிவகுப்பும் கட்டுப்பாடும் அங்கே இருந்தன. துப்பாக்கி மட்டும் இல்லை. ஊர்த் தெருவைக் கூட்டினர். இராட்டையில் நூல் நூற்றனர். நிலக்கிழாரின் மகனும் ஏழை உழவனும் ஒன்றாகத் துடைப்பம் பிடித்தனர். உள்ளத்தின் செருக்கைக் கரைக்கும் பாடம் அதுவே. ஊர்களில் எழுந்த வழக்குகளை ஆங்கிலேய நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லாமல், இயக்கத்தின் ஜிர்காக்களே அமர்ந்து பேசி முடித்தன.

பயிற்சியின் பயன் 1930 ஏப்ரல் 23 அன்று வெளிப்பட்டது. கஃபார் கான் கைது செய்யப்பட்ட நாள் அது. பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் திரண்ட நிராயுதபாணியான மக்கள் மீது படையினர் சுட்டனர். பலர் உயிர்துறந்தும், மக்கள் திருப்பித் தாக்காமல் நின்றனர். அக்காட்சி எதிர்த்தரப்பையே உலுக்கியது. கடுவால் படைப்பிரிவின் வீரர்கள், சந்திரசிங் கடுவாலி தலைமையில், மக்களைச் சுட மறுத்து நீண்ட சிறைத்தண்டனையை ஏற்றனர். ஒரு சொல் தாங்காமல் துப்பாக்கி தூக்கிய சமுதாயம், குண்டையே தாங்கி நின்றது. எங்கோ பெஷாவரில் காட்டிய அந்தப் பொறுமை, உத்மான்சாய் போன்ற ஊர்களில் பங்காளியை மன்னித்ததில் தொடங்கியதாகும்.

காந்தியடிகளின் தோழராக அறியப்பட்டதால், கஃபார் கான் அகிம்சையை அவரிடமிருந்தே கடன் வாங்கினார் என்று கருதுவோர் உளர். அவரோ, இது தமக்குப் புதியதன்று, மக்காவில் நபி (ஸல்) அவர்கள் கைக்கொண்ட ஸப்ரே இது என்று தம் மக்களுக்கு விளக்கினார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் 'பொறுத்துப் போ' என்ற அறிவுரை பெரும்பாலும் எளியவருக்கே சொல்லப்படுகிறது. பங்கு மறுக்கப்பட்ட சகோதரியிடமும் அடிபட்ட மனைவியிடமும் பொறுமை பேசப்படுகிறது. பறித்தவரிடமும் அடித்தவரிடமும் எவரும் பேசுவதில்லை. இது ஸுல்ஹு ஆகாது. ஸூரா அல்ஹுஜுராத், இருதரப்பாரிடையே நீதியோடு சமாதானம் செய்யவே கட்டளையிடுகிறது. செஞ்சட்டையினர் பழியைத்தான் விட்டனர். தம் உரிமையை விடவில்லை. அதற்காகச் சிறை புகுந்தனர், சொத்துகளை இழந்தனர். கஃபார் கான் 1988இல் மறையும் வரை தம் கொள்கையிலிருந்து வழுவவில்லை.

ஆகவே, நாம் முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: பொறுமை என்பது அறிவால் மட்டும் வருவதன்று, பழக்கத்தால் வருவது. திருக்குர்ஆனை மனனம் செய்ய நம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி தருகிறோம். கோபம் வரும்போது நாவை அடக்கவும், தவறு செய்தால் மன்னிப்புக் கேட்கவும், இரு நண்பர்களைச் சேர்த்துவைக்கவும் எத்தனை நாள் பயிற்சி தந்திருக்கிறோம்? நம் மதரஸாவிலும் இக்குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஜமாஅத்துகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதற்கென அமர்வு நடத்தலாம். வீட்டில் பெற்றோர், தாம் பேசாதிருக்கும் உறவினரின் கதவை ஒருமுறை தட்டினால், பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. இருவரில் சிறந்தவர் ஸலாமை முந்திச் சொல்பவரே என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருக்கிறார்கள்.

வரும் ஜும்ஆவில் ஹவ்ளுப் பக்கம் போகாமல் முன்வாசலிலேயே நிற்போம். நம் உள்ளங்களை அல்லாஹ் இணைப்பானாக! ஆமீன்.