பைப்பர் ஆல்ஃபா விபத்து

பைப்பர் ஆல்ஃபா விபத்து என்பது 1988 சூலை 6 ஆம் நாள் இரவு, வட கடலில் அமைந்திருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் நிகழ்ந்த வெடிவிபத்தும் அதனைத் தொடர்ந்த தீயும் ஆகும். இம்மேடை இசுக்காட்லாந்தின் அபர்தீன் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 190 கி.மீ. தொலைவில் இருந்தது. விபத்தில் 167 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இருவர் மீட்புப் படகில் வந்தவர்கள். மேடையில் இருந்த 226 பேரில் 61 பேரே உயிர் தப்பினர். கடல்சார் எண்ணெய்த் தொழிலில் மிகுதியான உயிர்களைப் பறித்த விபத்து இதுவாகும்.

பின்னணி

ஆக்சிடென்டல் நிறுவனம் இயக்கிய இம்மேடை 1976 இல் எண்ணெய் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் எரிவளியைப் பதப்படுத்தும் பிரிவும் இதில் சேர்க்கப்பட்டது. மேடையின் தீத்தடுப்புச் சுவர்கள் எண்ணெய்த் தீயைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டவை. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கக் கூடியவை அல்ல.

விபத்து நிகழ்ந்த முறை

எரிவளியிலிருந்து பிரியும் நீர்மத்தைச் செலுத்த இரண்டு எக்கிகள் இருந்தன. அன்று பகலில் அவற்றுள் ஒன்றின் பாதுகாப்பு வால்வு சோதனைக்காகக் கழற்றப்பட்டு, குழாயின் வாய் ஒரு தகட்டினால் மூடப்பட்டது. இரவு சுமார் 9.45 மணிக்கு மற்றோர் எக்கி நின்றுவிட்டது. முதல் எக்கியின் பராமரிப்பு தொடர்பான அனுமதிச் சீட்டை மட்டுமே கண்ட இரவுப் பணியாளர்கள், அப்பணி இன்னும் தொடங்கப்படவில்லை என்பதால் அதனை இயக்கினர். வால்வு குறித்த சீட்டு தனியே வைக்கப்பட்டிருந்தது. பணி மாறும்போது அத்தகவல் ஒப்படைக்கப்படவும் இல்லை. தகட்டின் வழியே கசிந்த எரிவளி சுமார் 10 மணிக்கு வெடித்தது.

கடலில் மூழ்குநர் பணியாற்றியதால், தீயணைப்பு எக்கிகள் தானாக இயங்காதவாறு மாற்றி வைக்கப்பட்டிருந்தன. குழாய்களால் இணைக்கப்பட்டிருந்த டார்ட்டன், கிளேமோர் மேடைகள் உற்பத்தியை உடனே நிறுத்தவில்லை. சுமார் 20 நிமிடங்களில் டார்ட்டனிலிருந்து வந்த எரிவளிக் குழாய் வெடித்தது. கட்டளைக்காகத் தங்குமிடத்தில் காத்திருந்தவர்களுள் பலர் புகையினால் இறந்தனர். தாமாகவே வெளியேறிக் கடலில் குதித்தவர்களுள் பலர் பிழைத்தனர்.

விசாரணை

கல்லன் பிரபு தலைமையிலான பொது விசாரணையின் அறிக்கை 1990 நவம்பரில் வெளியாகி, 106 பரிந்துரைகளை முன்வைத்தது. 1987 இல் இதே மேடையில் ஒரு தொழிலாளி இறந்தபோதே பணி அனுமதி முறையிலும் பணி ஒப்படைப்பிலும் குறைகள் வெளிப்பட்டிருந்தன. அவை உரியவாறு திருத்தப்படவில்லை என அறிக்கை சுட்டியது.

படிப்பினைகள்

இவ்வறிக்கையைத் தொடர்ந்து பிரித்தானியாவில் 1992 ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஆவண விதிகள் இயற்றப்பட்டன. ஒவ்வொரு மேடையின் இடர்களையும் அவற்றைக் கட்டுப்படுத்தும் வழிகளையும் இயக்குநரே ஆவணமாக மெய்ப்பிக்க வேண்டும் என்பது இவற்றின் அடிப்படையாகும். கண்காணிப்புப் பொறுப்பு எரிசக்தித் துறையிடமிருந்து பாதுகாப்புக்கான தனி அமைப்புக்கு மாற்றப்பட்டது. உயிரிழப்பு நேராத எரிவளிக் கசிவுகளும் பதிவு செய்யப்படலாயின.

எனினும் ஓர் இடத்தில் கற்ற பாடம் மற்றோர் இடத்தை அடையாமல் போவதும் உண்டு. 2009 திசம்பரில் வட கடலில் செட்கோ 711 துளையிடு கலத்தில் கிணற்றிலிருந்து எரிவளி பீறிட்டது, பேரிழப்பு தவிர்க்கப்பட்டது. அதன் படிப்பினை, அதே நிறுவனத்தின் டீப்வாட்டர் ஹொரைசன் கலத்துப் பணியாளர்களைச் சென்றடையவில்லை. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிக்கோ வளைகுடாவில் அக்கலம் வெடித்து 11 பேர் இறந்தனர்.