அவுரிக் கதை காணாமல் போன கதை: 'ஷோகன் அசாசின்' பற்றிச் சில குறிப்புகள்

1958ல் ஜப்பானில் விற்ற சினிமா டிக்கெட் சுமார் 112 கோடி. 1972ல் அது 19 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. எழுபதுகளின் ஜப்பானிய ரத்தக்களறிப் படங்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் நான் முதலில் எடுத்து வைப்பது இந்த இரண்டு எண்களைத்தான். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஜப்பானியர் மனசுல ஏதோ கோளாறுன்னு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். விஷயம் அதைவிடச் சாதாரணம். வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது. டிவியில் காட்ட முடியாததைக் காட்டினால்தான் ஆள் தியேட்டருக்கு வருவான் என்ற நிலை. 'ரஷோமான்' எடுத்த டையெய் கம்பெனி 1971ல் திவாலானது. அதே வருடம் நிக்காட்சு கம்பெனி பாலியல் படங்களுக்குத் தாவியது. டோயெய் கம்பெனி யாகூசா, கராத்தே, பெண் ரவுடிப் படங்களாகத் தள்ளியது. இந்த வகைக்குத்தான் எக்ஸ்ப்ளாய்டேஷன் சினிமா என்று பெயர்: குறைந்த செலவு, நிறைய ரத்தம், பெரிய போஸ்டர்.

இந்தப் படங்கள் கடல் தாண்டியபோது அப்படியே போகவில்லை. டோயெய் 1974ல் எடுத்த கராத்தே படம் ஒன்றை நியூ லைன் சினிமா வாங்கி 'தி ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்று அமெரிக்காவில் இறக்கியது. ஷினிச்சி சிபா 'சானி சிபா' ஆனார். தகுமா சுருகி என்ற பாத்திரம் 'டெர்ரி' ஆனது. வன்முறைக்காக மட்டுமே எக்ஸ் சான்றிதழ் வாங்கிய படம் என்ற பெயர் அதற்கு விளம்பரமாகவே அமைந்தது. பிறகு ஆர் சான்றிதழுக்காக வெட்டிய பதிப்பும் வந்தது.

ஆனால் பெயரை மாற்றுவதும் காட்சியை வெட்டுவதும் சின்ன வேலை. இரண்டு படத்தை உடைத்து மூன்றாவதாக ஒன்றைச் செய்த கதைதான் இந்தப் பதிவு.

கசுவோ கொய்கே எழுதி கோசெகி கோஜிமா வரைந்த 'லோன் உல்ஃப் அண்ட் கப்' மங்கா 1970ல் தொடங்கியது. ஷோகனின் தலைவெட்டி அதிகாரி ஓகாமி இத்தோ. அவர் பதவிக்கு ஆசைப்பட்ட யாக்யூ குலத்தார் சதி செய்து அவரை ராஜத்துரோகி ஆக்குகிறார்கள், மனைவி கொல்லப்படுகிறாள். கைக்குழந்தை டைகோரோவை மரத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கூலிக்குக் கொலை செய்பவராக ஊர் ஊராக அலைகிறார். ஷிண்டாரோ கட்சுவின் கம்பெனி இதை 1972 முதல் 1974 வரை ஆறு படங்களாக எடுத்தது. நாயகன் அவருடைய அண்ணன் டோமிசாபுரோ வகாயாமா. முதல் மூன்று படங்களின் இயக்குநர் கென்ஜி மிசுமி, டையெய் பட்டறையில் வளர்ந்தவர்.

டேவிட் வெய்ஸ்மன், ராபர்ட் ஹூஸ்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் முதல் படத்திலிருந்து சுமார் 12 நிமிடத்தை எடுத்து, மீதியை இரண்டாவது படத்திலிருந்து சேர்த்து, புது இசை போட்டு, ஆங்கிலத்தில் டப் செய்து ஒரே படமாக்கினார்கள். ரோஜர் கோர்மனின் நியூ வேர்ல்ட் பிக்சர்ஸ் அதை 1980ல் வெளியிட்டது. 'ஷோகன்' டிவி தொடர் அதே வருடம் செப்டம்பரில்தான் ஓடியிருந்தது, அமெரிக்காவில் அந்தச் சொல் எல்லோர் வாயிலும் இருந்தது. படத்தின் பெயர் 'ஷோகன் அசாசின்'.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். இரண்டாவது படத்தின் அசல் கதை அவுரியைப் பற்றியது. ஆவா நாடு (இன்றைய தொகுஷிமா) நீலச் சாயத்துக்குப் பேர்போன இடம், இது நிஜ வரலாறு. படத்தில் அந்தச் சாயத் தொழிலின் ரகசியம் தெரிந்த ஒருவன் அதை ஷோகனின் அரசாங்கத்திடம் கொடுக்கப் போகிறான். கொடுத்தால் ஆவாவின் வருமானம் போச்சு. அதைத் தடுக்கத்தான் ஆவா அதிகாரிகள் ஓகாமிக்குக் கூலி கொடுக்கிறார்கள். அதாவது தொழில் ரகசியம், ஏகபோகம், மத்திய அரசுக்கும் நாட்டுப்புறப் பிரபுவுக்கும் இடையே காசுச் சண்டை.

ஆங்கிலப் பதிப்பில் இது முழுசாகக் காணோம். அந்த ஆள் ஷோகனின் தம்பி ஆகிவிடுகிறான், கொடுங்கோலன். யாக்யூ குலத்துக் கிழவர் ஷோகனாகவே ஆகிவிடுகிறார், அதுவும் புத்தி பேதலித்த ஷோகன். பதவிப் போட்டி போய், பைத்தியக்கார ராஜாவின் கோபம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்தில் ஒரு சொட்டு குறையவில்லை, போனது கணக்கு வழக்கு மட்டும்தான். ஆனால் அந்தக் கணக்கு வழக்குதான் அசல் படத்தில் ஜப்பானை ஒரு நிஜமான நாடாகக் காட்டுவது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காரணமே இல்லாமல் வெட்டிக்கொள்கிற ஒரு மாய தேசம். வெளிநாட்டு ரசிகர் பலரின் மனதில் பதிந்த 'சாமுராய் ஜப்பான்' இப்படித்தான் எடிட்டிங் மேஜையில் தயாரானது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அசலில் டைகோரோ பேசுவது ரொம்பக் குறைவு. ஆங்கிலப் பதிப்பில் கதையைச் சொல்வதே அவன்தான். அப்பா கொன்ற நிஞ்சாக்களுக்காகப் பிரார்த்திக்க வேண்டும் என்று எண்ணிக்கை வைத்துக்கொண்டு வருகிறான், சாதாரணமாக, பள்ளிக்கூடக் கணக்கு சொல்வதுபோல. போஸ்டர் வரைந்த ஓவியரின் மகனான ஒரு சிறுவனின் குரல் அது. அசலில் இல்லாத இந்தக் குரல்தான் படத்தைக் காப்பாற்றியது. 1995ல் ஜிஸா 'லிக்விட் சோர்ட்ஸ்' ஆல்பத்தைத் திறந்ததே இந்தக் குரலில்தான். 2004ல் 'கில் பில்' இரண்டாம் பாகத்தில் தாயும் மகளும் படுத்துக்கொண்டு பார்ப்பதும் இந்தப் படம்தான்.

எங்கள் தொழிலில் இதை ஃபோர்க் என்போம். ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் எடுத்துத் தன் தேவைக்கு மாற்றி வேறு பெயரில் விடுவது. உரிமை வாங்கிச் செய்தால் தப்பில்லை, சில சமயம் அசலைவிட அதுதான் பிரபலமாகும். ஆனால் என்ன மாறியது என்ற பதிவு கூடவே இருக்க வேண்டும். சினிமாவில் அந்தப் பழக்கம் கிடையாது. தியேட்டரில் பார்த்தவனுக்கு இது இரண்டு படத்தின் ஒட்டு என்றே தெரிந்திருக்காது. மிசுமி 1975லேயே, 54 வயதில் இறந்துவிட்டார். தன் படம் இப்படி ஆனதை அவர் பார்க்கவும் இல்லை, சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லவும் இல்லை.

'ஷோகன் அசாசின்' மோசமான படம் இல்லை. நல்ல படம்தான், ஆனால் வேறு படம். 2016ல் கிரைடீரியன் நிறுவனம் ஆறு அசல் படங்களோடு இதையும் ஒரே பெட்டியில் வைத்து வெளியிட்டது சரியான காரியம் என்பேன். பார்க்க நினைப்பவர்கள் முதலில் மிசுமியின் இரண்டு படங்களையும் பாருங்கள், பிறகு இதைப் பாருங்கள். அவுரி எங்கே போச்சுன்னு நீங்களே தேடுவீங்க.